இறக்கைக்குள் ஒரு முடிச்சு

கோவிந்தராஜன் சாரை முதல் நாளே எனக்குப் பிடிக்காமல் போயிற்று. மருதமலையில் பூஜை செய்து என் அம்மா மணிக்கட்டில் கட்டி அனுப்பியிருந்த கயிற்றை, கத்தரிக்கோலைக் கையில் கொடுத்து வெட்டச் சொன்னார்.

"உள்ள வேத்துப் பொருள் போகப்படாது. கயிறு, மோதிரம், பேனா மூடி, எதுவா இருந்தாலும் வெளியிலதான். முருகன் கோவிச்சுண்டா என் பேரைச் சொல்லு" என்றார்.

அப்போது வருஷம் தொண்ணூற்றேழு. பொள்ளாச்சியிலிருந்து ரயிலேறி வந்து, பூனாவில் ஹடப்ஸரைத் தாண்டி சோலாப்பூர் சாலையில் இருந்த அந்தக் கம்பெனியில் சேர்ந்திருந்தேன். ஐந்தாறு பேர் உட்காரும் சின்ன விமானங்களைச் செய்து பணக்காரர்களுக்கு விற்கும் வெளிநாட்டுக் கம்பெனி அது. அதன் இறக்கைகளை மட்டும் பூனாவில் செய்து, மரப்பெட்டியில் அடைத்துக் கப்பலில் அனுப்புவோம். விமானக் கம்பெனியில் மகனுக்கு வேலை என்று அம்மா ஊரெல்லாம் சொல்லிவைத்ததில் பாதிப் பேர் நான் விமானம் ஓட்டுகிறேன் என்றே நம்பினார்கள். நான் செய்தது பசை தடவுகிற வேலை. விமானத்தின் எரிபொருள் இறக்கைக்குள்தான் நிற்கும். தகடும் தகடும் சேருமிடத்தில் ஒழுகாமலிருக்க ரப்பர் மாதிரி ஒரு பசையை இழுத்துவிட வேண்டும். இழுத்துவிட்டதை கோவிந்தராஜன் சார் வந்து பார்ப்பார்.

பார்ப்பார் என்றால் சாதாரணமாகப் பார்ப்பதில்லை. நீண்ட கம்பியின் நுனியில் பல் டாக்டர் வைத்திருப்பதுபோல ஒரு சின்னக் கண்ணாடி. அதை இறக்கையின் வட்டத் திறப்புக்குள் நீட்டி, இன்னொரு கையில் டார்ச் பிடித்து, மூலை மூலையாகத் தேடுவார். எல்லாம் சரியாக இருந்தால் சட்டைப்பையிலிருந்து சங்கிலி கோத்த ரப்பர் முத்திரையை எடுத்துத் தாளில் வைப்பார். ஒவ்வொரு பரிசோதகருக்கும் தனி எண் போட்ட முத்திரை உண்டு. அது விழுந்தால், நான் என் கண்ணால் பார்த்தேன், உள்ளே எதுவும் இல்லை என்று அர்த்தம். அதன் பிறகுதான் திறப்பை மூடி நான் பசை வைக்கலாம்.

கும்பகோணத்துப் பக்கத்து மனிதர். மீசை சரியாக முளைக்காத வயதில் விமானப்படையில் சேர்ந்து, நாடு பூராவும் சுற்றி, லோஹேகாவ் தளத்தில் ஓய்வு பெற்று, ஊருக்குத் திரும்பாமல் வானவடியில் ஒரு ஃப்ளாட் வாங்கிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். மனைவி ஆனந்தவல்லி மாமி பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுப்பார். ஒரே மகன் கௌஷிக். கம்பெனியில் சார் என்னை உண்டு இல்லை என்று ஆக்கினாலும், அவர்கள் கட்டடத்திலேயே மேல் மாடியில் எனக்கு அறை பார்த்துக் கொடுத்தவரும் அவர்தான். மாமி ரசம் வைத்தால் எனக்கும் ஒரு கிண்ணம் வரும். அப்படித்தான் எனக்கு அவரைப் பிடிக்க ஆரம்பித்தது. ரசத்துக்கு மயங்காத ஆளில்லை நான்.

வீட்டிலும் அந்தக் கண்ணாடிதான். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் நீட்டிப் பார்ப்பார், காஸ் சிலிண்டருக்கு அடியில் பார்ப்பார். ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தபோது, தாலி கட்டுகிற நேரத்தில் எல்லோரும் மணமேடையைப் பார்க்க, இவர் மட்டும் மேலே அண்ணாந்து, "அந்த ஃபேன்ல ஒரு நட்டு லூஸா இருக்கு" என்றார். மாமி தலையில் அடித்துக்கொண்டார்.

இரண்டாயிரத்து ஒன்று செப்டம்பரில், அமெரிக்காவில் விமானங்கள் மோதிக் கட்டடங்கள் சரிந்ததை கேன்டீன் டிவியில் நின்றுகொண்டே பார்த்தோம். வடை தின்றுகொண்டே பார்த்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கோ நடக்கிறது என்ற நினைப்பு. ஏற்கெனவே அந்த வருஷம் ஆர்டர் இளைத்துக்கொண்டே வந்திருந்தது. அதன் பிறகு பணக்காரர்களுக்குச் சொந்த விமானம் வாங்கும் ஆசை ஒரேயடியாக விட்டுப்போயிற்று. கேட்டவர்களும் வேண்டாம் என்றார்கள். எங்கள் பிரிவில் இறக்கையைத் தாங்கி நிற்கும் இரும்புச் சட்டங்கள் ஒவ்வொன்றாகக் காலியாயின. கான்ட்ராக்ட் ஆட்களைச் சத்தமில்லாமல் நிறுத்தினார்கள். மிச்சமிருந்தவர்கள் கூட்டிய தரையையே மறுபடி கூட்டிக்கொண்டிருந்தோம். வேலையில்லாத ஷிஃப்ட் போல உடம்பை அசத்துவது வேறொன்றுமில்லை.

அக்டோபர் கடைசியில் ஆயுத பூஜை வந்தது. தசராவுக்கு முந்தின நாள் குடும்பத்தோடு உள்ளே வர எல்லோருக்கும் அனுமதி உண்டு. சாமந்தி மாலையும் மாவிலையுமாகக் கட்டி, தேங்காய் உடைத்து, பேடா கொடுப்பார்கள். இரும்புச் சட்டங்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது வருஷா வருஷம் ஆனந்தவல்லி மாமிதான். சட்டத்துக்கு மட்டும்தான் வைக்கலாம். இறக்கையில் ஒரு பொட்டு விழுந்தாலும் சார் தூக்கிக் கடாசிவிடுவார். அந்த வருஷம் மாமி ஒவ்வொரு சட்டத்தின் முன்னாலும் வெகு நேரம் நின்றார். எல்லோரும்தான் அப்படி நின்றார்கள். யாருக்கும் எதுவும் தோன்றவில்லை.

விடுமுறை முடிந்து வந்ததும் சார் கண்ணாடியை விட்டுப் பார்த்து முத்திரை வைத்தார், நான் மூடிப் பசை இட்டேன், காற்றடைத்துச் சோதித்ததில் ஒழுகவில்லை, இறக்கை பெட்டிக்குள் போயிற்று.

தீபாவளி கழிந்த வாரம் தர மேலாளர் பெண்ட்சே ஒவ்வொருவராக அறைக்குக் கூப்பிட்டார். நல்ல மனிதர். நல்ல மனிதர் வாயால் கேட்டாலும் வேலை போனது போனதுதான். எனக்கு மாதக் கடைசியோடு முடிந்தது. இரண்டு பரிசோதகர்களில் ஒருவர்தான் இருக்க முடியும். அப்துல் காதரைப் போகச் சொன்னார்கள். கோவிந்தராஜன் சார் தங்கினார்.

அன்று சாயங்காலம் சாருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வரலாம் என்று கீழே இறங்கிப் போனேன். மாமி கேசரி கிண்டியிருந்தார்.

"சாருக்கு ஒண்ணும் ஆகலீங்க மாமி. எனக்குத்தான் சீட்டுக் கிழிஞ்சிருச்சு" என்றேன்.

மாமிக்கு முகம் வாடியது. இருந்தாலும் சந்தோஷத்தை அவரால் மறைக்க முடியவில்லை. "உனக்கும் ஒரு வழி பிறக்கும்பா. இவருக்கு ஆகாதுன்னு எனக்குத் தெரியும். பெருமாளுக்குன்னு காசு முடிஞ்சு வெச்சிருக்கேனே. லிஸ்ட்ல இவர் பேர் வரப்படாதுன்னு."

கஷ்டம் வந்தால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து, வேண்டிக்கொண்டு சாமி அலமாரியில் வைப்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். காரியம் ஆனதும் உண்டியலில் சேர்ப்பார்கள். சார் கேசரியை மென்றபடியே திரும்பி அலமாரியைப் பார்த்தார். பரிசோதகர் அல்லவா.

"முடிச்சைக் காணுமே?"

"ஆத்துல வெச்சா என்ன பிரயோஜனம்னா? வேலை எங்கயோ அங்கன்னா வெக்கணும்" என்றார் மாமி. "பூஜையன்னிக்கு உங்க எறக்கைலயே போட்டுட்டேன். அந்த வட்டமா ஓட்டை இருக்குமே, அது வழியா."

சார் மெல்லுவதை நிறுத்தினார்.

"எந்த எறக்கை?"

"வாசல்லேர்ந்து ரெண்டாவது."

அதுதான் பெட்டியில் இருந்தது. அடுத்த நாள் லாரி வருவதாக ஏற்பாடு.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது என்பதுதான் நிஜம். எங்கம்மா கட்டிய கயிற்றை வெட்டச் சொன்னவரின் இறக்கைக்குள் பெருமாளே போய் உட்கார்ந்திருக்கிறார். சாரின் முகத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"விடுங்க சார்" என்றேன். "துளியூண்டு துணி. அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்கும்."

"கிடக்காது. எண்ணெய்ல ஊறி முடிச்சு அவிழும், துணி நகரும். எஞ்சினுக்கு எண்ணெய் போற வாயில போய் ஒட்டிக்கும். மேல போனப்பறம் எஞ்சின் நின்னா என்ன பண்ணுவா? ஆறு பேர் உக்காந்திருப்பா அதுல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வேலை போன கோபமும் அதில் சேர்ந்துகொண்டது. "அந்த ஆறு பேரு யாருன்னே நமக்குத் தெரியாதுங்க சார். உங்க வீட்டுல மூணு பேரு இருக்கறது தெரியுமில்லீங்க? சொன்னா முத்திரையைப் பிடுங்கிட்டு அனுப்பிருவாங்க. அந்த வேலைக்குத்தானுங்க நாங்க எல்லாரும் ஏங்கிட்டுக் கெடக்கறோம்."

மாமி அழ ஆரம்பித்திருந்தார். "நான்தான் போட்டேன்னு சொல்லிடுங்கோன்னா. என் மேல பழியைப் போட்டுடுங்கோ. உங்களை ஒண்ணும் பண்ண மாட்டா."

"நீ போட்டது போகட்டும், ஆனந்தா. நான் பாத்துட்டு ஒண்ணும் இல்லைன்னு முத்திரை வெச்சிருக்கேனே. அதுக்கு என்ன சொல்றது?"

எழுந்து போய் பெண்ட்சே வீட்டுக்கு ஃபோன் செய்தார். இந்தியில்தான் பேசினார். இறக்கைக்குள் வேற்றுப் பொருள் இருக்கிறது, நான் முத்திரை வைத்தது தவறு, பெட்டியை அனுப்பாதீர்கள் என்று மூன்றே வாக்கியம். யார் போட்டார்கள் என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். "அது தெரிஞ்சு ஆக வேண்டியது ஒண்ணுமில்லை" என்றார். பெண்ட்சே ஏதோ நீளமாகச் சொன்னார். நாளைக் காலை வரை யோசித்துப் பார் என்று அவருக்கு ஒரு வழி விட்டதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். யோசிக்க எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டு ஃபோனை வைத்தார். கேசரி ஆறிப்போயிருந்தது. அதற்கு மேல் யாரும் தொடவில்லை.

மறுநாள் அவர் முத்திரையைச் சங்கிலியோடு கழற்றி பெண்ட்சேயின் மேஜை மேல் வைத்தார். ராத்திரியே வெளிநாட்டுத் தலைமையகத்துக்கு ஃபேக்ஸ் போயிருந்தது, பார்க்காமல் முத்திரை வைத்தவனை வைத்துக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது. கம்பெனி பஸ் சாயங்காலம்தான் கிளம்பும் என்பதால், மத்தியான வெயிலில் டிஃபன் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நடந்து போய் டவுன் பஸ் பிடித்திருக்கிறார். டப்பாவில் சாப்பாடு அப்படியே இருந்தது என்று மாமி சொன்னார்.

அந்தப் பெட்டியை உடைத்து இறக்கையைத் திறந்தோம். முடிச்சு கிடைத்தது. கையை விட்டு எடுத்தவன் நான்தான். அதோடு முடியவில்லை. கோவிந்தராஜன் முத்திரை விழுந்து இன்னும் அனுப்பாமல் இருந்த எல்லா இறக்கைகளையும் திறந்து பார்த்தே ஆக வேண்டும் என்று உத்தரவு வந்தது. பழைய பசையைச் சுரண்டி, கழுவி, மறுபடி தடவி, மறுபடி சோதிக்க வேண்டும். அதற்கு ஆள் வேண்டுமே. போகச் சொன்ன எங்களையே இருக்கச் சொன்னார்கள். அப்துல் காதர் திரும்பி வந்தார். மாதக் கடைசியில் முடிய வேண்டிய என் வேலை பிப்ரவரி வரை நீண்டது. கேன்டீனில் சிலர் அதற்கு 'கோவிந்தராஜன் போனஸ்' என்று பேர் வைத்துச் சிரித்தார்கள். ஒரு நாள் நானும் சிரித்தேன், பிறகு சாப்பாடு இறங்கவில்லை.

திறந்த மற்ற இறக்கைகளில் எதுவும் இல்லை. ஒரு துரும்பு கூட இல்லை. அதை அவரிடம் போய்ச் சொன்னேன். "சரி" என்றார்.

அந்த மாதங்கள் அவர் வீட்டுக்குப் போகவே எனக்குக் கால் கூசியது. காலையில் நான் பஸ்ஸுக்கு இறங்கும்போது பால்கனியில் நிற்பார். தலையை ஆட்டுவார். கம்பெனியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கமாட்டார். ஐம்பதை நெருங்கியவருக்கு வேலை கொடுக்க யாரும் இல்லை. பேட்டிக்குப் போகுமிடத்தில் முந்தின வேலையை ஏன் விட்டீர்கள் என்று கேட்டால் நடந்ததை நடந்தபடியே சொல்லிவிட்டு வருவார். அதற்குப் பிறகு எவன் கொடுப்பான்? கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த கௌஷிக், தனக்குத் தெரிந்த இந்தி கலந்த தமிழில், "அப்பா, நீ சொல்லலைன்னா யாருக்கு மாலூம் ஆகும்?" என்று கேட்டானாம். மாமி டியூஷன் பிள்ளைகளை இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொண்டார். ரசம் மட்டும் எனக்கு வந்துகொண்டுதான் இருந்தது.

பிப்ரவரியில் பிரிவையே மூடினார்கள். வாங்க ஆளில்லாத விமானத்துக்கு இறக்கை எதற்கு? அப்துல் காதர் போனார், நான் போனேன், கொஞ்ச நாளில் பெண்ட்சேயும் போனார். போவதற்கு முன்னால் அலமாரியைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை என்னிடம் கொடுத்தார். உள்ளே அந்த முடிச்சு. பையின் வாயில் 'வேற்றுப் பொருள்' என்று இங்கிலீஷில் எழுதிய சிவப்பு அட்டை கட்டியிருந்தது. "அவரிடம் சேர்த்துவிடு" என்றார்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று அதை எடுத்துக்கொண்டு கீழே போனேன். சார் பையைக் கையில் வாங்காமல் தள்ளி நின்றே பார்த்தார். மாமிதான் வாங்கினார்.

"பரமசிவம், நீ போற ரயில் ரேணிகுண்டா வழியாத்தானே போறது? எறங்கி மலைக்குப் போய் இதை உண்டியல்ல சேத்துடறயா?"

"காரியம் ஆகலீங்களே மாமி. எதுக்குங்க சேக்கணும்?"

"ஆச்சே" என்றார் மாமி. குரலில் அழுகை இல்லை, களைப்புத்தான் இருந்தது. "லிஸ்ட்ல பேர் வரப்படாதுன்னு கேட்டேன். வரலையே. பெருமாள் குடுத்தார். இவர்தான் திருப்பிக் குடுத்துட்டார். அதுக்குப் பெருமாள் என்ன பண்ணுவார்?"

சார் கத்தரிக்கோலை எடுத்து வந்து சிவப்பு அட்டையை வெட்டினார். பையையும் தனியே எடுத்துவிட்டு முடிச்சை மட்டும் என் உள்ளங்கையில் வைத்தார். "உண்டியல்ல வேற எதுவும் போகப்படாது" என்றார். நான் மலையேறி அப்படியே சேர்த்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தேன்.

கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் நுழைந்து காலம் ஓடிவிட்டது. இரண்டாயிரத்து ஏழில் கம்பெனி வேலையாகப் பூனா போனேன். மகர்பட்டாவில் சார் வேலையில் இருப்பதாக மாமி ஃபோனில் சொல்லியிருந்தார். உயரமான குடியிருப்பு ஒன்றில் பராமரிப்பு மேற்பார்வையாளர். நீலச் சட்டை, இடுப்பில் வாக்கி டாக்கி, பாக்கெட்டில் அதே கண்ணாடிக் கம்பி. லிஃப்ட் மெக்கானிக் வேலையை முடித்ததும் இவர் கண்ணாடியை விட்டுப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டாராம். மெக்கானிக்குகள் திட்டுகிறார்கள் என்று அவரே சொன்னார். முடி முழுவதும் நரைத்திருந்தது.

வாசலில் கட்டிங் சாய் என்கிற அரை கிளாஸ் டீ வாங்கிக் கொடுத்தார். மாமிக்கு முழங்கால் வலி, கௌஷிக் ஹிஞ்சேவாடியில் சாஃப்ட்வேரில் இருக்கிறான், வீட்டுக்கு வர ராத்திரி ஆகிவிடுகிறது என்றெல்லாம் பேசிக்கொண்டிருந்தோம். கிளாஸ் காலியான பிறகும் அவர் அதைக் கீழே வைக்கவில்லை.

"பரமசிவம், அன்னிக்குக் கையை விட்டு எடுத்தது நீதானே?"

"ஆமாங்க சார்."

"எங்க இருந்தது?"

இத்தனை வருஷம் இதைக் கேட்காமல் வைத்திருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த பால்கனியில் நின்று தலையாட்டிய காலைகளில் எல்லாம் இதைத்தான் கேட்க நினைத்திருக்கிறார். கடைசி மூலையில், தடுப்புத் தகட்டுக்குப் பின்னால், கண்ணாடி எட்டாத இடத்தில் இருந்தது என்று ஒரு வார்த்தை சொல்லிவிட எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? நாக்கு நுனி வரை வந்தது. வேறு யாராக இருந்தாலும் சொல்லியிருப்பேன். ஆனால் இவருக்கு அந்த இறக்கையின் உட்புறம் மனப்பாடம். எந்தத் தகடு, எந்தப் பக்கம் என்று அடுத்த கேள்வி வரும். அதோடு, முத்திரை விஷயத்தில் அவரிடம் பொய் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"திறப்புக்கு நேர் கீழதானுங்க சார் இருந்துது. மறைவே இல்லாம."

அவர் காலி கிளாஸுக்குள் குனிந்து பார்த்தார்.

"உள்ள அடிக்கற பெயின்ட்டே மஞ்சள்தானுங்களே சார். துணியும் மஞ்சள். ரெண்டும் ஒண்ணாத் தெரிஞ்சிருக்குது. மூடறப்ப நானும் குனிஞ்சு பாத்தேனுங்க. எனக்கும் தெரியல. கையில தட்டுப்பட்டப்புறந்தான் தெரிஞ்சுது."

துருப் பிடிக்காமலிருக்க இறக்கைக்குள் பூசும் பூச்சு அது, பச்சை கலந்த மஞ்சள். மஞ்சளில் தோய்த்துக் காய்ந்த துணிக்கும் அதற்கும் டார்ச் வெளிச்சத்தில் வித்தியாசமே தெரியாது. யாருக்கும் தெரிந்திருக்காது. அதைத்தான் சொல்லிக்கொண்டே போனேன். அவர் காதில் அது விழுந்ததா என்று தெரியவில்லை.

"அப்ப கண்ணாடில விழுந்திருக்கு" என்றார் மெதுவாக. "நான் பாக்காம வெக்கலை, பரமசிவம். பாத்திருக்கேன். பாத்துட்டேதான் இல்லைன்னு முத்திரை வெச்சிருக்கேன்."

வாக்கி டாக்கி கரகரத்தது. மூன்றாவது லிஃப்டில் யாரோ மாட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்று மராத்தியில் ஒரு குரல் கூப்பிட்டது. "ஆலோ", இதோ வந்துவிட்டேன் என்று பதில் சொல்லிவிட்டு, காலி கிளாஸை என்னிடம் கொடுத்துவிட்டு அவர் உள்ளே போனார்.